மறதியும் அவதானமும்

இவ்விழா மலருக்குக் கட்டுரையொன்று எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டுக்கொண்டது சென்ற தவணையின் தொடக்கத்திலாகும். "ஆகட்டும், தருகின்றோம்" என்று நாமும் மனமுவந்து கூறினோம். கூறிய அன்றே அதனை மறந்தும் போயினோம். இரண்டு கிழமைகளுக்குப் பின்னர்க் குழுவின் மாணவச் செயலாளன் ஆசிரியர் அறை வாயிலில் வந்து நின்று, "சேர், கட்டுரை..." என்று தயங்கியபோதே எமக்கு அந்நினைவு வந்தது. அன்று காலையிலேதான், இலக்கணக் கொப்பியை வீட்டிலே மறந்துவிட்டு வந்த மாணாக்கன் ஒருவனை வகுப்பின் முன் எழுப்பி நிறுத்தி, "மறதி என்பது ஒரு காரணமன்று" என்று நீண்டதோர் உபதேசம் செய்திருந்தோம். செயலாளனும் அவ்வகுப்பினனே. அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆயினும் அவன் முகத்திற் சிறு முறுவலொன்று தோன்றி மறைந்ததை நாம் காணாமலில்லை. எப்பொருள் பற்றி எழுதுவது என்று அதன்பின் நாம் தேடவேண்டியிருக்கவில்லை.

இளையோரின் மறதி பற்றிய முறைப்பாடு இன்று வீட்டிலும் வகுப்பிலும் ஒருங்கே எழுகின்றது. சீனியும் தேயிலையும் நெருப்புப்பெட்டியும் வாங்கச் சென்ற பிள்ளை இரண்டோடு திரும்புகின்றான். குடை பேருந்தில் தங்கிவிடுகின்றது. சயிக்கிளிற் கடைக்குச் சென்றவன் எதையோ எண்ணிக்கொண்டு நடந்து வீடு சேர்ந்து, மாலையிலே, "என் சயிக்கிளைக் களவெடுத்துவிட்டார்கள்" என்று கூக்குரலிடுகின்றான். "இந்த வயதிலேயே இப்படியென்றால் எங்கள் வயதில் என்ன ஆவான்?" என்று தாய் தந்தையர் கவல்கின்றனர். கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் தொழில் புரியும் எம் பழைய மாணவர் சிலரும், "முப்பது வயதுதான் ஆகின்றது; தெரிந்தவர் பெயர் நாவில் வருகின்றதில்லை; அறைக்குட் போனால் எதற்குப் போனோம் என்பது நினைவில்லை; இது நோயின் தொடக்கமோ?" என்று எம்மிடம் வினாவியதுண்டு. நாம் வைத்தியரல்லேம், தமிழாசிரியர். எனினும் ஆசிரிய கலாசாலையில் ஓரளவு பயின்ற உளநூலும், வகுப்பறையிற் பல்லாண்டு பெற்ற பழக்கமும் கொண்டு, இதுபற்றி எமக்குத் தெளிவானவற்றை எடுத்துரைக்க முயல்கின்றோம்.

முதற்கண் முடிவைக் கூறிவிடுவோம். இளையோரின் மறதி என்று நாம் வழங்குவனவற்றுட் பெரும்பாலானவை நினைவின் குறையால் வருவன அல்ல. அவதானத்தின் குறையால் வருவன. உள்ளே வைத்த பொருள் தொலைவது வேறு. வையாத பொருளைத் தேடி அலைவது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால், காரணம் அறியாமல் தண்டிக்கின்றோம். மருந்து வேண்டாத இடத்தில் மருந்து தேடுகின்றோம். மருந்து வேண்டிய இடத்திற் பிரம்பு தேடுகின்றோம்.

காளிதாசரின் சாகுந்தலத்தைக் கற்றோர் இவ்வேறுபாட்டை எளிதில் உணர்வர். கணவனையே எண்ணிக் குடிலில் அமர்ந்திருந்த சகுந்தலை, வாயிலில் வந்து குரல் கொடுத்த துருவாச முனிவரை அறிந்தாளில்லை. அவள் முனிவரை மறந்தாள் என்று கூறுதல் பொருந்துமோ? பொருந்தாது. குரல் காதில் விழுந்தது, கருத்திற் புகவில்லை. துஷ்யந்தனின் நிலையோ வேறு. அவன் அவளைக் கண்டான், மணந்தான், மோதிரமும் அணிவித்தான். யாவும் அவன் உள்ளத்திற் பதிந்திருந்தன. முனிவரின் சாபத்தால் அவை மறைந்து கிடந்தன. மீன் வயிற்றிலிருந்து கிடைத்த மோதிரத்தைக் கண்டவுடன் அனைத்தும் மீண்டன. முன்னது கருத்து வேறிடத்து நின்றமை. பின்னது உள்ளதை எடுக்க இயலாமை. பின்னதற்கு ஓர் அடையாளம் போதும். முன்னதற்கு எத்தனை மோதிரம் காட்டினும் பயனில்லை. ஏனெனில், உள்ளே ஒன்றுமில்லை.

இனி, முதல்வகையைச் சற்று விரித்து நோக்குவோம். புதிதாகக் கேட்ட செய்தி மனத்திற் பதியுமுன் எத்துணை விரைவில் அழிந்துவிடும் என்பதை 1959 இல் அமெரிக்காவிற் பீற்றர்சன் இணையர் ஒரு சோதனையாற் காட்டினர். மாணாக்கர்க்கு மூன்று எழுத்துக்களைச் சொல்லி, உடனே ஓர் எண்ணையும் கொடுத்து, அவ்வெண்ணிலிருந்து மும்மூன்றாகக் குறைத்து எண்ணிக்கொண்டே வரச் சொன்னார்கள். எண்ணிக்கொண்டிருந்தமையால் எழுத்துக்களை மனத்துள் மீட்டும் சொல்லிப் பார்க்க அவர்களுக்கு இடமிருக்கவில்லை. 18 விநாடிகள் கழிந்ததும், அம்மூன்று எழுத்துக்களையும் சரியாகக் கூறமுடிந்தது பத்துத் தடவைக்கு ஒரு தடவையளவே. கேட்டவர் நோயாளரல்லர், பல்கலைக்கழக மாணாக்கர். அவ்வாறாயின், காலையிற் சப்பாத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டும் புட்டை விழுங்கிக்கொண்டும் நிற்கும் பிள்ளையிடம், "வரும்போது தபாற்கந்தோரில் முத்திரை வாங்கி வா" என்று தாய் கூறிய சொல் மாலைவரை நிலைக்கவில்லையென்றால் அதில் வியப்பென்ன? அச்சொல் படலையைத் தாண்டுமுன்னரே போயிருக்கும்.

மனம் ஒருங்கே ஏந்தக்கூடிய பொருள்களும் மிகச் சிலவே. ஏழு என்று 1956 இல் ஜோர்ஜ் மில்லர் என்பார் எழுதிய கட்டுரை பெரும்புகழ் பெற்றது. பின்வந்த ஆய்வாளர், சொல்லிச் சொல்லிப் பார்த்தலும் சேர்த்துத் தொகுத்தலும் நீங்கலாக நோக்கின் அது நான்களவே என்பர். நான்கு பொருள் வைக்கும் பலகையில் ஐந்தாவதை வைத்தால் ஒன்று விழும். விழுவது எதுவென்று பலகை சொல்லாது.

இனி, பழக்கம் என்னும் மற்றொரு காரணமும் உண்டு. நாள்தோறும் செய்யும் செயல்களை மனம் பழக்கத்தின் கையில் ஒப்படைத்துவிட்டுத் தான் வேறிடம் செல்கின்றது. பிரித்தானிய உளநூலறிஞர் ஜேம்ஸ் றீசன் என்பார் ஒருநாள் தேநீர் தயாரித்துக்கொண்டிருக்கையில், பசித்த பூனை காலடியிற் கத்த, பூனைக்குரிய உணவைத் தேநீர்க் கேத்தலிலே இட்டுவிட்டார். வேறொருவராயின் நாணி மறைத்திருப்பர். அவரோ, இப்பிழை ஏன் நேர்ந்தது என்று ஆராயப் புகுந்து, பலரைக்கொண்டு தத்தம் அன்றாடத் தவறுகளை நாட்குறிப்பில் எழுதுவித்தார். அத்தவறுகள் நேர்வது புதிய கடினமான செயல்களிலன்று. நன்கு பழகிய இடத்தில், நன்கு பழகிய செயலைச் செய்யும்போது, கருத்து வேறொன்றிற் சென்றிருக்கையிலே என்பது அதனாற் புலனாயிற்று. சயிக்கிளை மறந்து நடந்துவந்த பிள்ளையின் கதையும் அதுவே. கால்களுக்கு வீட்டுவழி தெரியும். கருத்து அவற்றோடு வரவில்லை.

நம் முன்னோர் இவ்வுண்மையை அறியாதவரல்லர். நூறு செயல்களை ஒரே வேளையிற் கருத்திற் கொண்டு, முதுகில் எறியப்படும் கற்களை எண்ணி, மணியோசையைக் கணக்கிட்டு, கணக்குக்கு விடைகூறி, கேட்டார் கேட்ட பொருளிற் பாட்டும் இயற்றி, இறுதியில் யாவற்றையும் முறைபிறழாது ஒப்புவிக்கும் கலையைச் சதாவதானம் என்றனர். மேலைப்புலோலியில் 1871 இற் பிறந்து, திரு. வி. கலியாணசுந்தரனார்க்கு ஆசிரியராய் விளங்கி, 1907 இல் மறைந்த நா. கதிரைவேற்பிள்ளை அவர்கள் அக்கலையில் வல்லவராய்ச் சதாவதானி எனப் போற்றப்பட்டமையை நம்மவர் அறிவர். அதே 1907 இற் சென்னை விக்டோரியா மண்டபத்திற் கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலரும் அக்கலையை நிகழ்த்திப் புகழ் பெற்றார். காண்போர் வியப்பது அவர்தம் நினைவாற்றலையே. ஆயினும் அக்கலைக்கு நினைவு என்று பெயரிட்டாரில்லை. அவதானம் என்றே பெயரிட்டனர். அவதானமாவது கருத்தை ஒன்றில் ஊன்றுதல். கருத்தை ஊன்றினால் நினைவு தானே பின்தொடரும் என்பது அப்பெயரின் குறிப்பாகும். ஈழத்துத் தமிழர் நாம் அச்சொல்லை வீட்டிலும் தெருவிலும் நாள்தோறும் வழங்குகின்றோம். "அவதானமாகப் போய் வா" என்று பிள்ளையை வழியனுப்பும் தாய் தன்னை அறியாமலே நினைவுக்கலையின் முதற்பாடத்தைச் சொல்லியனுப்புகின்றாள்.

இதற்கு நம் வாழ்விலேயே சான்றுண்டு. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் வீடுவாசல் விட்டு வெளியேறியபோது, அன்று மாணாக்கராயிருந்த எம்மனையோர் இன்று நடுவயதினர். நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடிமேல் அடிவைத்து நகர்ந்த அவ்விரவில் யார் கையில் எது இருந்தது, யார் எவ்விடத்தில் அமர்ந்து அழுதார், எவர் நீர் தந்தார் என்பவற்றை எம்மிற் பலர் முப்பது ஆண்டு கழிந்தும் நேற்று நடந்ததுபோற் கூறுவர். கூறுகின்ற அவரே, மூக்குக்கண்ணாடியை எங்கு வைத்தோம் என்று நாளுக்கு இருமுறை தேடுகின்றவர். ஒரே மனிதர், ஒரே மூளை. அவ்விரவிலே கருத்து முழுவதும் அங்கு நின்றது. கண்ணாடியைக் கழற்றி வைத்தபோது அது அங்கு நிற்கவில்லை. வேறுபாடு இவ்வளவே.

இரண்டாம் வகை மறதி, நன்கு கற்றதும் நாளடைவில் நழுவுதல். ஜேர்மனிய அறிஞர் ஹேர்மன் எபிங்ஹவுஸ் என்பார் பொருளற்ற அசைகளைத் தாமே மனனஞ் செய்து, அவற்றை மீளக் கற்க எவ்வளவு உழைப்பு மிச்சமாகின்றது என்பதை அளந்து, 1885 இல் நூலாக வெளியிட்டார். ஒருநாள் கழியுமுன்னரே ஏறக்குறைய மூன்றில் இருபங்கு பயன் போய்விடுகின்றது. ஒரு மாதம் கழிந்தபின்னரோ ஐந்தில் ஒருபங்கு எஞ்சுகின்றது. அஃதாவது, மறதி முதல்நாளிலே ஓடுகின்றது; பின்னர் மெல்ல நடக்கின்றது. பொருளற்ற அசைக்கன்றிப் பொருளுள்ள பாடத்துக்கு இழப்பு இத்துணைப் பெரிதன்று. எனினும் போகும் வழி அதுவே. ஆதலின் பரீட்சைக்கு முன்னிரவில் ஐந்து மணிநேரம் படிப்பதிலும், கற்ற மறுநாள் அரைமணியும் அடுத்த கிழமை அரைமணியும் மீட்டுப் பார்ப்பது மேல் என்க.

மீட்டுப் பார்த்தல் என்றது நூலைத் திறந்து திரும்பவும் வாசித்தலையன்று. 2006 இல் அமெரிக்க ஆய்வாளர் றோடிகர், கார்பிக்கி என்னும் இருவர், மாணாக்கர் சிலரை ஒரு பகுதியை இருமுறை வாசிக்கச் செய்தனர்; வேறு சிலரை ஒருமுறை வாசித்து, பின்னர் நூலை மூடி நினைவில் உள்ளவற்றை எழுதச் செய்தனர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இருமுறை வாசித்தவரே முந்தினர்: அவர் நூற்றுக்கு 81, மற்றையோர் 75. ஒரு கிழமை கழித்துச் சோதித்தபோதோ இருமுறை வாசித்தவர் 42. மூடி எழுதியவர் 56. கொப்பியை மூடிவிட்டு வெறுந்தாளில் எழுதிப் பார்க்கும் வழக்கம் மாணாக்கர்க்குக் கசப்பானது. தாம் மறந்தவை வெள்ளிடைமலையாகத் தெரிந்துவிடும். அக்கசப்பே அதன் பயன்.

மூன்றாவது வகையொன்றும் உண்டு. சென்றதை நினைத்தலன்று, செய்யவேண்டியதை உரிய வேளையில் நினைத்தல். கடிதத்தைத் தபாலிடுதல், மருந்தை உண்ணுதல், மலருக்குக் கட்டுரை எழுதுதல் என்பன இதன்பாற்படும். இதிலே ஒரு விந்தை. ஆய்வுகூடத்தில் வைத்துச் சோதிக்கும்போது இளையோரே முதியோரை வெல்கின்றனர். ஆனால், "உமது வீட்டிலிருந்து இன்ன நாள் இன்ன நேரத்தில் எமக்குத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லும்" என்று விட்டுவிட்டாலோ, முதியோரே இளையோரை வெல்கின்றனர். இத்தகைய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து நோக்கி 2004 இல் வெளிவந்த ஆய்வும் இதனையே கூறிற்று. முதியவர்க்கு நினைவு கூர்மையாயிருப்பதனாலன்று இது. தம் நினைவை நம்பலாகாது என்று பட்டறிந்தமையால் அவர் குறித்து வைக்கின்றனர்; ஓர் ஒழுங்கில் வாழ்கின்றனர்; பலர்க்கு நாளும் அத்துணை நெருக்கமுடையதன்று. எம் பேர்த்தியார் சேலைத்தலைப்பில் முடிச்சிட்டு வைப்பார். உறங்கப் போகுமுன் முடிச்சைக் கண்டு, "இது எதற்கு?" என்று ஒருகணம் நின்று, பின்னர் நினைவுகூர்ந்து காரியத்தை முடிப்பார். இளைஞனோ, "நான் மறக்கமாட்டேன்" என்கின்றான். மறதிக்கு அதனினும் அகலமான வாயில் இல்லை.

இவ்விடத்தில் எம் குற்றமொன்றையும் கூறிவிடல் நேர்மையாகும். பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு பாடசாலையில் வகுப்பாசிரியராயிருந்தபோது, க. பொ. த. சாதாரணதரப் பரீட்சை விண்ணப்பங்களைச் சேர்க்கும் பணி எமதாயிற்று. ஒரு மாணாக்கனின் விண்ணப்பத்தில் அடையாள அட்டை இலக்கம் எழுதப்படவில்லை. மறுநாட் கேட்டு நிரப்பலாம் என்று எண்ணி, அதனை மட்டும் தனியே எடுத்துக் கையிலிருந்த இலக்கண நூலின் இடையிற் செருகினோம். நூலை மூடினோம், நினைவும் உடன் மூடிற்று. விண்ணப்பங்கள் அனுப்பப்படும் நாளின் முன்னிரவில், அதே நூலைப் பாடக்குறிப்புக்காகத் திறந்தபோதுதான் அத்தாள் கீழே விழுந்தது. அவனை நாம் அத்தவணை முழுவதும் மறதிக்காரன் என்றே அழைத்துவந்தோம் என்பதையும் சொல்லவேண்டும். விடியுமுன் சயிக்கிளில் அவன் வீடு தேடிச் சென்று, இலக்கத்தை எழுதிக்கொண்டு, அதிபரின் கையில் ஒருவாறு நேரத்துக்குச் சேர்த்துவிட்டோம். அவன் அன்னையார், "இந்தப் பனிக்குள்ளே பிள்ளைக்காக இவ்வளவு தூரம் வந்தீர்களே, சேர்" என்று கைகூப்பி நன்றி கூறினார். உண்மையை அவரிடம் அன்றும் கூறவில்லை, பின்னரும் கூறவில்லை. இன்று இம்மலரிற் கூறுகின்றோம். அன்றுதொட்டு அப்பெயரால் எவரையும் அழைப்பதை விட்டோம். ஆயினும் உபதேசத்தை விட்டோமில்லை என்பதை இக்கட்டுரையின் தொடக்கத்திற் கண்டீர்கள்.

இளையோர்க்கு அவதானம் சிதறுவது ஏன்? காரணம் பல. மூளையின் நெற்றிப்புறப் பகுதியே திட்டமிடுதலுக்கும் கருத்தை ஒருவழிப்படுத்துதலுக்கும் தலைமை தாங்குவது. அது முதிர்ந்து நிறைவுற இருபது வயதைக் கடந்து மேலும் சில ஆண்டுகள் செல்லும். பதினைந்து வயதினனிடம் நாற்பது வயதினனின் ஒழுங்கை எதிர்பார்த்தல், காய்க்காத மாவைக் கல்லெறிவது போலும்.

உறக்கம் மற்றொன்று. பதின்மூன்று முதற் பதினெட்டு வயதுவரையுள்ளோர் நாளுக்கு 8 முதல் 10 மணிநேரம் உறங்கவேண்டும் என்று உறக்கத்தை ஆராயும் அமெரிக்க வைத்தியர் சங்கம் 2016 இல் அறிவுறுத்திற்று. அவ்வயதில் உறக்கம் வரும் வேளையும் இயல்பாகவே பிந்துகின்றது. உறக்கம் கற்றதைப் பதியவைப்பதற்கும் வேண்டும். 1924 இலேயே ஜென்கின்ஸ், டலென்பாக் என்னும் இருவர், கற்றபின் உறங்கியவர் கற்றபின் விழித்திருந்தவரிலும் மிகுதியாக நினைவில் வைத்திருந்தனர் எனக் காட்டினர். ஆயின் நம் பிள்ளைகளின் நாள் எத்தகையது? பாடசாலை, மாலையிற் தனியார் வகுப்பு, இரவில் வீட்டுவேலை, அதன்பின் கைத்தொலைபேசி. அக்கருவியை முற்றும் பழிப்பது எம் கருத்தன்று. கடல் கடந்த உறவோடு நம்மைச் சேர்த்து வைப்பதும் அதுவே. ஆயினும், அறிவித்தல் ஒலி ஒவ்வொன்றும் வாயிலில் நின்று குரல் கொடுக்கும் விருந்தினன். நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து கதவு திறப்பவன் உள்ளே எவ்வேலையைச் செய்து முடிப்பான்?

கவலை மூன்றாவது. வீட்டிலே நோய், கடன், பிணக்கு உள்ள பிள்ளையின் மனப்பலகையில் நான்கிடத்தில் மூன்றை அவையே நிரப்பியிருக்கும். எஞ்சிய ஓரிடத்தில் எம் இலக்கணமும் தாயின் முத்திரையும் போட்டியிடுகின்றன.

இனி, பெற்றோரும் ஆசிரியரும் பிரித்தறிய வேண்டிய சிலவுண்டு. வகுப்பிலே ஒரு பிள்ளை பேச்சை இடையில் நிறுத்தி, பத்து விநாடியளவு வெறித்துப் பார்த்து, அழைத்தாலும் தொட்டாலும் உணராது, பின்னர் ஒன்றும் நடவாததுபோல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால், அது பராக்கு என்று கருதற்க. வலிப்பு நோயின் மெல்லிய வகையொன்று அவ்வாறு தோன்றும். பெரும்பாலும் நான்கு முதற் பத்து வயதுக்குள்ளே தொடங்கி, நாளுக்குப் பன்முறை வரும். மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்து அதனை அறியலாம், மருந்தாற் கட்டுப்படுத்தலாம். அறியாத ஆசிரியர் அப்பிள்ளையைக் கவனமற்றவன் என்று ஆண்டுக்கணக்கில் ஒறுத்துவிடுதலும் கூடும். காது மந்தமான பிள்ளையும் மறதியுடையான் போற் காணப்படுவான். அவன் மறக்கவில்லை, கேட்கவேயில்லை. சிறுவயது முதல் வீட்டிலும் பாடசாலையிலும் ஒருங்கே கருத்து நிலைகொள்ளாது வருந்தும் பிள்ளைக்கும் வைத்தியரின் துணை வேண்டும். வளர்ந்தோரில் தைரொயிட்டுச் சுரப்பியின் குறை, பி12 உயிர்ச்சத்துக் குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகள், மதுப்பழக்கம் என்பனவும் மறதியாக வெளிப்படுவதுண்டு. இவற்றுட் பல திருத்தத்தக்கன. தலையில் அடிபட்டபின் வரும் மறதியும், திடீரெனத் தோன்றும் மறதியும், நன்கு தெரிந்த வழியிலே திசை தடுமாறுதலும் தாமதமின்றி வைத்தியரிடம் காட்டத்தக்கவை. கண்ணாடியை எங்கு வைத்தோம் என்பதை மறத்தல் யார்க்கும் உள்ளது. கண்ணாடி எதற்கென்பதை மறத்தலே அஞ்சத்தக்கது. எம்மை வினாவிய பழைய மாணவர்க்கு நாம் கூறும் விடை இதுவே.

மற்றையோர்க்கு மருந்து வேண்டியதில்லை. பரீட்சைக்காலத்தில் நினைவாற்றலுக்கென விற்கப்படும் குளிகைகளுக்குப் பணம் இறைத்தல் வேண்டா. வல்லாரைச் சம்பல் சுவையானது, நல்ல கீரை, உண்ணுக. ஆயினும் கேளாத பாடத்தை அது நினைவூட்டாது. வேண்டுவன சில எளிய ஒழுங்குகளே. திறப்புக்கும் கண்ணாடிக்கும் ஓரிடம் வகுத்து, அவ்விடத்தன்றி வேறிடத்தில் வையாதிருத்தல். வீட்டை விட்டுப் புறப்படுமுன் வாயிலில் நின்று, எடுக்கவேண்டியவற்றை வாய்விட்டு எண்ணுதல். "பிறகு செய்வேன்" என்னாது, எதைக் கண்டவுடன் எதைச் செய்வேன் என்று முன்கூட்டியே இணைத்து வைத்தல். "தபாற்கந்தோர் மதிலைக் கண்டவுடன் இறங்கி முத்திரை வாங்குவேன்" என்று கூறிக்கொண்டவனுக்கு அம்மதிலே மோதிரமாகின்றது. இவ்வாறு இணைத்துக் கூறுதலின் பயனை ஜேர்மனியில் தோன்றிய உளநூலறிஞர் பீற்றர் கொல்விற்சர் 1999 இல் விரிவாக எடுத்துரைத்தார். நம் பேர்த்திமார் முடிச்சிட்டே அறிந்திருந்தனர். அறைக்குட் சென்று நோக்கம் மறந்தவர், புறப்பட்ட இடத்துக்கு மீண்டு சென்று நிற்க. பெரும்பாலும் அவ்விடமே நினைவூட்டிவிடும். பெற்றோர்க்கும் ஒரு சொல்: பிள்ளையிடம் ஒன்றைச் சொல்லுமுன் அவன் கண்ணை நோக்குக, சொன்னபின் அதனை அவன் வாயாற் கூறச் செய்க.

கொப்பி மறந்த மாணாக்கனின் செய்தி எஞ்சியுள்ளது. செயலாளனின் முறுவலுக்குப் பின்னர், அவனைத் தனியே அழைத்து, உபதேசமின்றி, "நேற்று எத்தனை மணிக்குப் படுத்தாய்?" என்று கேட்டோம். தனியார் வகுப்பு முடிந்து வீடு சேர எட்டு மணி, படுக்கப் பதினொன்று, தகப்பனாருக்கு முதுகு இயலாமையால், வெங்காயத் தோட்டத்துக்கு நீரிறைக்க விடிய நாலரைக்கு எழுந்தானாம். தோட்டத்திலிருந்து வந்து, தங்கையை ஆயத்தப்படுத்தி, அவசரமாகப் புறப்பட்டதில் மேசைமேலிருந்த கொப்பி தங்கிவிட்டது. ஒருபொழுதேனும் அவன் இதனை எமக்குக் காரணமாகக் கூறியதில்லை. நாமும் ஒருபொழுதேனும் கேட்டதில்லை. ஒரே வகுப்பறையில் இருவர் இருந்தோம். ஒருவர் கொப்பியை மறந்தார். மற்றவர் பிள்ளையைக் கவனிக்க மறந்தார். இவற்றுட் பெரிய மறதி எதுவென்று வாசகர் கூறட்டும். இப்போது அவன் படுக்குமுன் கொப்பிகளைப் பையிலிட்டு, பையைச் சயிக்கிட் கைபிடியிலே மாட்டிவிடுகின்றான். நீரிறைக்கும் நாட்களில் வீட்டுவேலையை மறுநாள் தர இசைந்துள்ளோம்.

வள்ளுவர் மறதியின்மைக்குப் பொச்சாவாமை என ஓர் அதிகாரமே வகுத்து, அதனை அரசர்க்குரிய இயலில் வைத்தார். மகிழ்ச்சி மிகுதியிற் சோர்ந்து கடமையை மறத்தலே அங்குக் கண்டிக்கப்படுவது. களைத்த சிறுவனின் மறதியன்று. ஆதலின் அவ்வதிகாரத்தை மாணாக்கர்க்குப் பாடமாக ஓதுவதிலும், பொறுப்பிலுள்ள நாம் நமக்கே ஓதிக்கொள்ளுதல் தகும் என்பது எம் துணிபு. பெருவிழாக் காணும் இவ்வேளையிற் பழைய மாணவர் பலர் கூடித் தத்தம் ஆசிரியர்களை நினைவுகூர்கின்றனர். அவர் நினைவில் நிற்பவர், தம்மை ஒருநாளாவது முழுக்கருத்தோடு நோக்கிய ஆசிரியரே என்பதை அவர்தம் பேச்சிலிருந்து அறிகின்றோம்.

இக்கட்டுரையைக் குறித்த நாளுக்கு முன்னரே கையளித்தோம் என்று எழுதி முடிக்க எமக்கு ஆசையுண்டு. செயலாளன் மும்முறை வந்து நினைவூட்டினான் என்பதே உண்மை. அவனுக்கு எம் நன்றி உரியது.